பழ ஈயின் குரோமோசோமும் இயற்கையின் தேர்வும்

வாழைப்பழம் கனிந்து தோல் கறுக்கத் தொடங்கியதும், எள்ளளவே பருமனுள்ள சிற்றீக்கள் அதனைச் சூழ்ந்து வட்டமிடக் காண்கிறோம். கள்ளுப் பானையின் வாயிலும், சந்தை ஓரத்தில் குவித்தெறிந்த பழக்குப்பையின் மேலும் இவையே மொய்க்கின்றன. சிவந்த கண், மஞ்சள் கலந்த பழுப்பு உடல், ஆண் ஈக்கு வாற்புறத்தில் சிறிது கருமை. இவ்வளவே இதன் தோற்றம். டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்பது விஞ்ஞானிகள் இதற்கு வழங்கும் பெயர். நம் வீட்டுப் பெண்டிர் முந்தானையால் விசிறி ஓட்டும் இச்சிற்றுயிரே, பெற்றோரின் கூறுகள் பிள்ளைகளுக்கு எவ்வாறு இறங்குகின்றன என்பதை மனிதனுக்குக் கற்பித்த ஆசான்களுள் முதன்மையானது. அவ்வாசான் கற்பித்த பாடங்களுள் ஒன்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

சார்லஸ் டார்வின் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இயற்கைத் தேர்வு என்னும் கொள்கையை விளக்கினார். ஓர் இனத்தில் பிறக்கும் உயிர்கள் யாவும் ஒன்றுபோல் இருப்பதில்லை, சூழலுக்கு ஏற்ற கூறுடையவை மிகுதியான சந்ததியை விட்டுச் செல்கின்றன, அக்கூறு தலைமுறைதோறும் பெருகுகிறது, ஏலாதது தேய்கிறது. இதுவே அதன் சாரம். இதனைக் கேட்ட மாத்திரத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. தேர்வு ஓயாது நடைபெறுமாயின், நல்லது ஒன்றே நின்று ஏனையவை அழிந்து, ஓர் இனத்து உயிர்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்த காசுகள்போல் ஆகியிருக்க வேண்டுமன்றோ? ஏன் ஆகவில்லை? வேறுபாடு என்பது தேர்வு துடைக்காமல் விட்ட தூசியா, அன்றித் தேர்வே காத்துவைத்த செல்வமா? இவ்வினா ஈயோடு நின்றுவிடுவதன்று. மனிதருள் தூய பிறப்பு, கலப்புப் பிறப்பு என்று பேசுவோரின் வழக்கும் இதனோடு பின்னிக் கிடந்தது. ஆதலின் அறிஞர் சிலர் சினத்தோடும் வாதிட்டனர்.

நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்னும் பேராசிரியருக்கு ஓர் அறை இருந்தது. அகலம் 16 அடி, நீளம் 23 அடி. பால் புட்டிகளில் வாழைப்பழக் கூழிட்டு அங்கே அவர் பழ ஈக்களை வளர்த்தார். முட்டை பொரித்துப் புழுவாகிக் கூட்டுப்புழுவாகி ஈயாகப் பறக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் போதும். ஒரு தாய் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆதலால் மாட்டிலும் மனிதனிலும் ஒரு நூற்றாண்டு காத்திருந்து காண வேண்டியதை, ஈயில் ஒரே ஆண்டில் காணலாம். 1910-ஆம் ஆண்டில், சிவந்த கண்ணுடைய ஈக்களின் நடுவே வெள்ளைக் கண்ணுடைய ஆண் ஈ ஒன்று அங்கே தோன்றிற்று. அதனை இணைசேர்த்து, அதன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்த மார்கன், கண்ணின் நிறத்தை நிர்ணயிக்கும் மரபணு குரோமோசோம் என்னும் நுண்ணிழையின்மேல், அதிலும் ஆண் பெண் என்ற பால் வேற்றுமையோடு தொடர்புடைய இழையின்மேல், அமர்ந்திருக்கிறது என்று கண்டார்.

மார்கனிடம் பயின்ற மாணவருள் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் என்பவர் 1911-ஆம் ஆண்டில் இருபது வயதையொட்டிய இளைஞர். கல்லூரிப் பாடங்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஓர் இரவின் பெரும்பகுதி விழித்திருந்து அவர் வரைந்த படமே, உலகில் முதன்முதலாக வரையப்பட்ட மரபணுப் படம். 1913-ஆம் ஆண்டில் அது அச்சேறியது. தேர்வுக்குப் படிக்க வேண்டிய மாணவன் வேறு வேலை பார்ப்பது எக்காலத்தும் குற்றமாகாது என்பதற்கு இதனைச் சான்று காட்டலாம். பெற்றோர் ஒப்புவரோ, அறியோம்.

அப்படம் எவ்வாறு வரையப்பட்டது என்பதை நேயர்கள் நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னே வருவன யாவும் அதன்மேல் நிற்கின்றன. ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் இணை இணையாக உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. பழ ஈக்கு நான்கே இணைகள். பெண் ஈயின் உடலில் முட்டைக்கரு உண்டாகும்போது, தாய்வழி இழையும் தந்தைவழி இழையும் ஒன்றையொன்று அணைந்து கிடந்து, ஆங்காங்கே அறுந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு மீண்டும் ஒட்டுகின்றன. இதனைத் துண்டுமாற்றம் என்று கூறுவோம். இழையில் அருகருகே அமர்ந்த இரண்டு மரபணுக்கள் இம்மாற்றத்தால் பிரிவது அரிது. தொலைவில் அமர்ந்தவை அடிக்கடி பிரியும். எத்தனை பிள்ளைகளில் பிரிந்தன என்று எண்ணினால் எவ்வளவு தொலைவு என்று தெரியும். ஸ்டர்டிவன்ட் கண்ட உபாயம் இவ்வளவே.

துண்டுமாற்றம் இழை முழுவதும் ஒரே அளவில் நடப்பதில்லை என்பதும் காலப்போக்கில் விளங்கியது. இழையின் நடுப்பாகங்களில் மிகுதி. நுனியிலும், இழையைப் பிணைத்திருக்கும் முடிச்சின் அருகிலும் குறைவு. புள்ளிபோல் சிறுத்த நான்காம் குரோமோசோமில் அநேகமாக இல்லையென்றே சொல்லலாம். ஆண் பழ ஈயிலோ துண்டுமாற்றமே நிகழ்வதில்லை. இவையெல்லாம் அறையிலிருந்தோர்க்கு வெறும் விவரங்களாகவே இருந்தன. இவற்றின் பொருள் வெளிப்பட எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மார்கனின் புட்டிகளில் ஓர் எண்ணம் ஊறிக் கிடந்தது. சிவந்த கண், நேரான சிறகு, பழுப்பு உடல் உடையது இயல்பான ஈ. அதிலிருந்து பிறழ்ந்தவை குறையுடையவை என்பது அவ்வெண்ணம். ஆய்வுக்கூடத்தில் அது வசதியான எண்ணந்தான். காட்டில் பறக்கும் ஈக்களெல்லாம் உள்ளும் புறமும் ஒன்றே என்று அதனின்று முடிவு கட்டியதுதான் பிழை. அம்முடிவை முதலில் ஆட்டங்காணச் செய்தவர் மாஸ்கோவில் இருந்த செர்கே செட்வெரிகோவ். காட்டு ஈயினம், நீரை உறிஞ்சும் கடற்பஞ்சுபோல், திடீர்மாற்றங்களை வெளித்தெரியாமல் உள்ளே உறிஞ்சி வைத்திருக்கிறது என்று 1926-ஆம் ஆண்டில் அவர் எழுதினார். மூன்றாண்டுகளில் சோவியத் அரசு அவரைக் கைது செய்து மாஸ்கோவிலிருந்து வெளியேற்றியது. அவருடைய மாணவர் குழுவும் சிதறியது.

அவ்வாண்டுகளில் ருஷ்யாவிலிருந்து இளைஞர் ஒருவர் கடல் கடந்து சென்றார். அவர் தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கி. 1900-ஆம் ஆண்டில் உக்ரைன் நாட்டில் பிறந்தவர். 1927-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கு வந்து மார்கனிடம் சேர்ந்தார். மறு ஆண்டு மார்கன் கலிபோர்னியா நாட்டுப் பசடேனாவுக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் உடன் சென்றார். புட்டிக்குள் அடைத்த ஈயை விட்டு மலையிலும் காட்டிலும் திரியும் ஈயை நாடியதே இவர் செய்த பெரும்பணி. மெலனோகாஸ்டர் மனிதனின் குப்பையைத் தொடர்ந்து செல்வது. ஆதலின் அதனை விடுத்து, மேற்கு அமெரிக்க மலைகளில் வாழும் சூடோஆப்ஸ்கியூரா என்னும் உறவினத்தை அவர் தேர்ந்துகொண்டார்.

அப்போது நல்லூழாக ஒரு கருவி வந்து வாய்த்தது. ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள குரோமோசோம்கள் பன்மடங்கு பருத்தவை என்றும், அவற்றின் குறுக்கே கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் வரிசையாக ஓடுகின்றன என்றும், ஒவ்வொரு பட்டையும் தனக்குரிய இடத்தில் தவறாமல் நிற்கிறது என்றும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துத் தியோஃபிலஸ் பெயின்டர் 1933-ஆம் ஆண்டில் அறிவித்தார். அதுவரையில் எண்ணிக்கையால் ஊகித்த படத்தை இனிக் கண்ணாலேயே காணலாம் என்றாயிற்று.

டாப்ஷான்ஸ்கியும் ஸ்டர்டிவன்டும் மலை ஈக்களின் மூன்றாம் குரோமோசோமை நோக்கினர். சில ஈக்களில் அதன் ஒரு நீண்ட பாகம் அறுந்து, தலைகீழாகத் திரும்பி, அங்கேயே ஒட்டியிருந்தது. க, ங, ச, ஞ என்றிருக்க வேண்டியது க, ச, ங, ஞ என்று புரண்டு கிடந்தது என்க. ஒன்றல்ல, பல புரட்டுகள். அவற்றுக்கு நிலைப்படி, அம்புமுனை, சிரிக்காவா என்று பொருள்படும் பெயர்களையும் இடப்பெயர்களையும் சூட்டினர். புரட்டுள்ள இழையும் புரட்டற்ற இழையும் ஓர் ஈயில் இணைந்தால், அப்பாகத்தில் துண்டுமாற்றம் பலிப்பதில்லை. மாற்றிக்கொண்ட இழைகள் முட்டைக்கருவில் இடம்பெறாமற் போகின்றன. ஆகவே புரட்டுக்குள் அகப்பட்ட நூற்றுக்கணக்கான மரபணுக்கள், ஒரே வீட்டில் பூட்டப்பட்ட குடும்பம்போல், பிரியாமல் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே செல்கின்றன.

இப்புரட்டுகள் ஈக்கு நன்மையும் செய்யா, தீமையும் செய்யா. வெறும் குலச்சின்னங்கள் என்றே டாப்ஷான்ஸ்கி முதலில் கருதினார். தென் கலிபோர்னியாவில் சான் ஹசிந்தோ மலையில் மாதந்தோறும் ஈ பிடித்து எண்ணத் தொடங்கியதும் அக்கருத்து மாறிற்று. மார்ச் மாதத்திலிருந்து ஜூன் வரையில் நிலைப்படி குறைந்தது, சிரிக்காவா பெருகியது. கோடையில் மீண்டும் நிலைப்படி ஏறியது. மறு ஆண்டும் அவ்வாறே. ஓர் ஆண்டின் பருவங்களுக்குள் மரபு ஏறி இறங்குவதை அவர் கண்ணாரக் கண்டார். இயற்கைத் தேர்வு ஆமை வேகத்தில் நடப்பது, மனிதன் ஆயுளுக்குள் அதனைக் காணவியலாது என்ற நம்பிக்கையோடிருந்த உலகத்துக்கு 1943-ஆம் ஆண்டில் வெளியான இச்செய்தி வியப்பாயிருந்தது.

இது காலத்தின் தற்செயலோ என்னும் ஐயத்தைப் போக்க, ஆயிரக்கணக்கான ஈக்களைப் பெருங்கூண்டுகளில் அடைத்து உணவளித்து வளர்த்தார். இரு புரட்டுகளையும் கலந்து விட்டபோது, வெப்பம் 25 பாகையில் இருந்த கூண்டுகளில் நிலைப்படி ஏறி, ஏறக்குறைய 70க்கு 30 என்ற அளவில் நின்றுவிட்டது. சிரிக்காவா அழியவில்லை. காரணம் யாதெனின், இரண்டையும் கலந்து பெற்ற ஈயே இரண்டிலும் ஒன்றை மட்டும் இரட்டையாகப் பெற்ற ஈயினும் வலிமை மிக்கதாயிருந்தது. வெப்பத்தை 16.5 பாகைக்குக் குறைத்தாலோ ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கலப்பே வலிமை, தேர்வே அக்கலப்பைக் காக்கிறது. 1946-ஆம் ஆண்டில் மரபியல் அறிஞரான சீவால் ரைட்டோடு சேர்ந்து அவர் இதனை வெளியிட்டார்.

நிற்க. இக்கருத்தை ஏற்காதவர் ஹெர்மன் முல்லர். அவரும் மார்கனின் அறையில் பயின்றவரே. எக்ஸ் கதிர் பட்டால் ஈயின் மரபணுக்கள் மாறுகின்றன என்பதை 1927-ஆம் ஆண்டில் காட்டி, அதற்காக 1946-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். ஒவ்வொரு மரபணுவுக்கும் நல்ல வடிவம் ஒன்றே உண்டு. அதனின்று பிறழ்ந்தவை பெரும்பாலும் தீமையே. தேர்வு அவற்றைக் களைந்துகொண்டேயிருக்கிறது. களைந்து தீராதவை இனத்தின் மேல் ஏற்றப்பட்ட சுமை என்பது அவர் துணிபு. 1950-ஆம் ஆண்டில் மனிதனின் மரபுச் சுமையைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். சிறந்த ஆடவரின் விந்தைச் சேமித்துவைத்துப் பிள்ளை பெறச் செய்தால் மனித குலம் உயரும் என்றும் வற்புறுத்தினார். அவரை இனவெறியர் என்று எண்ணிவிடலாகாது. பணமும் குலமும் பார்த்து மனிதரைத் தரம் பிரித்த அமெரிக்க இன மேம்பாட்டியக்கத்தாரை 1932-ஆம் ஆண்டிலேயே அவர்களுடைய மாநாட்டில் கண்டித்தவர் அவர். ஆயினும் மனிதனுக்கு ஒரு சிறந்த அச்சு உண்டு என்னும் நம்பிக்கை அவரை விடவில்லை.

டாப்ஷான்ஸ்கி அச்சு என்பதையே மறுத்தார். இயல்பான ஈ என்று ஒன்றில்லை. பல்வகை ஈக்களின் திரளே இனம் என்றார். 1973-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இக்கருத்தை மனிதர்க்கும் நீட்டி, இந்தியச் சாதி அமைப்பையே எடுத்துக்கொண்டு பேசினார். குலத்துக்கொரு தொழில், குலத்துக்குள்ளே மணம் என்று எத்தனையோ தலைமுறைகள் கட்டிக்காத்தும், அந்தந்தத் தொழிலுக்கென்றே வார்த்த மரபு எந்தச் சாதிக்கும் அமையவில்லை. எல்லாத் தொழிலுக்கும் வேண்டிய திறமுடையோர் எல்லாச் சாதியிலும் பிறக்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. மலை ஈயை எண்ணி எண்ணிப் பழகிய கண், நம் நாட்டுச் சாதிச் சுவரையும் ஊடுருவிப் பார்த்தது. தோட்டத்து வரிசை வீடுகளிலும் பட்டினத்துச் சந்துகளிலும் அச்சுவரின் எச்சங்களைக் கண்ட நாம் இதனைச் சிறு செய்தியாகத் தள்ளிவிட முடியாது.

எனினும் முல்லரும் டாப்ஷான்ஸ்கியும் வாதிட்ட நாளில், ஓர் ஈக்கும் மற்றோர் ஈக்கும் மரபணுவில் எவ்வளவு வேறுபாடு உண்டென்று ஒருவரும் அளந்ததில்லை. அளவுகோல் இன்றி நடந்த வழக்கு அது. டாப்ஷான்ஸ்கியின் மாணவர் ரிச்சர்டு லெவான்டின், சிக்காகோவில் ஜான் ஹப்பி என்பவரோடு சேர்ந்து 1966-ஆம் ஆண்டில் அளந்தார். ஈயை நசுக்கி எடுத்த புரதங்களைக் கூழின் ஊடே மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால், வேறுபட்ட புரதங்கள் வேறுபட்ட தொலைவு ஓடும். 18 மரபணுக்களைச் சோதித்ததில், ஓர் ஈ சராசரியாக நூற்றில் 12 மரபணுக்களில் தாய்வழி ஒன்றும் தந்தைவழி வேறொன்றுமாகப் பெற்றிருந்தது. வேறுபாடு அவ்வளவு மிகுதி. டாப்ஷான்ஸ்கி வென்றார் என்று ஆரவாரிக்கத் தொடங்கும்முன், 1968-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் மோட்டோ கிமுரா வேறு வழி காட்டினார். இவ்வேறுபாடுகளில் பெரும்பாலானவை நன்மையும் அல்ல, தீமையும் அல்ல. தேர்வு அவற்றைக் கண்டுகொள்வதேயில்லை. குருட்டு வாய்ப்பினால் அவை பெருகுகின்றன, மறைகின்றன என்றார். இருவரும் பேசிய வழக்கில் மூன்றாமவர் நுழைந்து, வழக்குப் பொருளே மதிப்பற்றது என்று சொன்னது போலாயிற்று.

இங்கேதான் ஸ்டர்டிவன்டின் பழைய படம் மீண்டும் பயன்பட்டது. அதுகாறும் தேர்வு என்றால் ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியே எடைபோடுவது என்றே பெரும்பாலோர் பேசி வந்தனர். மரபணுவுக்கு அயலார் உண்டு என்பதை மறந்தனர். 1974-ஆம் ஆண்டில் இங்கிலாந்துச் சசெக்ஸ் பல்கலைக்கழகத்து ஜான் மேனார்டு சுமித்தும் ஜான் ஹேயும் அதனை நினைவூட்டினர். மேனார்டு சுமித், ஜே.பி.எஸ். ஹால்டேனிடம் பயின்றவர், அந்த ஹால்டேன் 1957-ஆம் ஆண்டில் இந்தியாவில் குடியேறி, 1964-ஆம் ஆண்டில் புவனேசுவரத்தில் உயிர்நீத்த பேரறிஞர் என்பதை நேயர்களில் சிலர் அறிந்திருப்பர். மாணவர் சொன்னது இது: ஓர் ஈயில் நல்லதொரு திடீர்மாற்றம் பிறந்து, தேர்வினால் விரைந்து பெருகி, இனம் முழுவதையும் பற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பிறந்த இழையில் அதன் இருபுறமும் இருந்த அயல் மரபணுக்கள் என்னாகும்? தகுதி சிறிதும் இன்றியே அவையும் அதனோடு தொற்றிக்கொண்டு பெருகும், பாரவண்டியின் பின்கட்டையில் தொற்றிக்கொண்டு ஊர்போய்ச் சேரும் சிறுவர்போல. வேறு இழைகளில் இருந்த மாற்று வடிவங்களோ துடைக்கப்படும். துண்டுமாற்றம் மிகுந்த இடமாயின் வண்டி நடுவழியில் பலமுறை நிற்கும், சிறுவர் இறங்கிவிடுவர். துடைப்பு சிறுதொலைவோடு ஓயும். துண்டுமாற்றம் அரிதான இடமாயின் நெடுந்தூரம் துடைக்கப்பட்டு, இழை வெறிச்சென்று கிடக்கும்.

ஆகவே தேர்வு உண்மையில் இடைவிடாது நடக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை கிடைத்துவிட்டது. குரோமோசோமை நெடுகிலும் நடந்து பார்க்க வேண்டும். துண்டுமாற்றம் மிகுந்த பாகத்தில் வேறுபாடு செழித்தும், அரிதான பாகத்தில் வறண்டும் இருந்தால், தேர்வு வந்துபோன தடம் அதுவே. வறட்சி இல்லையேல் கிமுராவின் கட்சி வலுவடையும்.

நடந்து பார்க்க எழுத்தெழுத்தாகப் படிக்கும் ஆற்றல் வேண்டியிருந்தது. மரபணு என்பது டி.என்.ஏ. என்னும் பொருளில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நெடும் வாசகம். லெவான்டினின் ஆய்வுக்கூடத்து மாணவர் மார்ட்டின் கிரைட்மன் 1983-ஆம் ஆண்டில் பழ ஈயின் ஒரு மரபணுவை 11 இழைகளிலிருந்து எடுத்து முழுவதும் படித்தார். சாராயத்தைச் செரிக்கும் புரதத்துக்கான மரபணு அது. புளித்த பழத்திலும் கள்ளிலும் வாழும் உயிர்க்கு இன்றியமையாதது. 43 இடங்களில் எழுத்து வேறுபட்டிருந்தது. அவற்றுள் புரதத்தின் உருவை மாற்றுவது ஒன்றே ஒன்று. ஏனைய 42 மாற்றங்களும் புரதத்தைத் தீண்டாதவை. புரதத்தைக் கெடுக்கும் எழுத்துப்பிழைகள் பிறவாமல் இரா. பிறந்தவற்றைத் தேர்வு பெரும்பாலும் அழித்துவிட்டது என்பதே இதன் பொருள். இவ்வளவில் முல்லரின் பேச்சிலும் உண்மை இருந்தது.

1989-ஆம் ஆண்டில் மொன்செராட் அகுவாடே, நவோஹிகோ மியாஷிட்டா, சார்லஸ் லாங்லி என்போர், பால் குரோமோசோமின் நுனிப்பாகத்தைச் சோதித்து, அங்கே வேறுபாடு மிகவும் குன்றியிருப்பதைக் கண்டனர். நுனியில் துண்டுமாற்றம் அரிது என்பதை மேலே கூறினோம். 1991-ஆம் ஆண்டில் கிரைட்மனும் துணைவரும் நான்காம் குரோமோசோமில் ஒரு மரபணுவைப் பத்து ஈக்குடிகளில் படித்தனர். ஓராயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகளில் ஓர் எழுத்துகூட வேறுபடவில்லை! செழித்த தோட்டத்தின் நடுவே ஓர் பாறைத் திட்டு தென்பட்டாற் போன்றது அது. பின்னர் விரிவாகச் சோதித்தோர் நான்காம் குரோமோசோமிலும் சிற்சில இடங்களில் வேறுபாடு கண்டனர். எனினும் வறட்சி வறட்சியே.

இவை தனித்தனிச் செய்திகளாய் இருக்க, அவற்றை ஒரே கோட்டில் நிறுத்தியவர்கள் கார்னல் பல்கலைக்கழகத்து டேவிட் பெகனும் சார்லஸ் அக்குவாட்ரோவும். 1992-ஆம் ஆண்டில் பழ ஈயின் 20 மரபணுப் பாகங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் துண்டுமாற்றம் எவ்வளவு, வேறுபாடு எவ்வளவு என்று எதிரெதிர் வைத்துப் பார்த்தனர். ஒன்று ஏற மற்றதும் ஏறியது. ஒன்று இறங்க மற்றதும் இறங்கியது. சூழ்ச்சியான ஒரு மறுப்பு இங்கே எழக்கூடும்: துண்டுமாற்றம் அரிதான பாகங்களில் திடீர்மாற்றமே குறைவாகப் பிறக்கிறதோ? அதற்கும் அவர்கள் விடை வைத்திருந்தனர். மெலனோகாஸ்டரையும் அதன் நெருங்கிய உறவினமாகிய சிமுலன்சையும் ஒப்பிட்டனர். இரண்டும் பிரிந்த நாள்முதல் சேர்ந்த எழுத்து மாற்றங்கள், துண்டுமாற்றம் மிகுந்த பாகத்திலும் அரிதான பாகத்திலும் ஒத்த அளவிலேயே இருந்தன. ஆகவே பிறப்பில் குறைவில்லை. பிறந்த வேறுபாடு இனத்துக்குள் நிலைத்து நிற்க விடப்படவில்லை. என் மதிப்பில், இந்நூறாண்டுக் கதையில் இதனினும் எளிய, இதனினும் கூரிய வாதம் வேறில்லை.

துடைத்தது யார் என்பதில் மட்டும் சச்சரவு தீரவில்லை. நல்ல மாற்றம் பரவியதால் அயலார் துடைக்கப்பட்டனர் என்றனர் ஒரு சாரார். 1993-ஆம் ஆண்டில் பிரையன் சார்ல்ஸ்வொர்த், டெபோரா சார்ல்ஸ்வொர்த், மார்ட்டின் மார்கன் ஆகிய மூவரும் வேறு கூறினர். இந்த மார்கன் பழைய மார்கன் அல்லர், பெயரொற்றுமையே. நாற்றங்காலில் களை பிடுங்கும்போது களையின் வேரோடு பின்னிய நாற்றும் உடன் வருவதில்லையா? அதுபோலத் தீய மாற்றங்களைத் தேர்வு இடையறாது களையும்போது, அவற்றின் அருகே அமர்ந்த குற்றமற்ற வேறுபாடுகளும் உடன் களையப்படுகின்றன. துண்டுமாற்றம் இருந்தால் நாற்றைப் பிரித்தெடுத்துக் காக்கலாம், இல்லாவிட்டால் இல்லை. நல்லதைப் பரப்புவதும் தீயதைக் களைவதும் இழையின்மேல் ஏறத்தாழ ஒரே தடத்தையே விட்டுச் செல்வதால், அத்தடத்தை மட்டும் கொண்டு இரண்டையும் பிரித்தறிதல் கடினமாயிற்று. இருவகையும் நடைபெறுகின்றன என்பதே பிற்கால ஆராய்ச்சியின் போக்கு. ஈக்களின் உறவினங்களை ஒப்பிட்ட நிக் சுமித்தும் ஆடம் ஐர்-வாக்கரும், புரதங்களில் இனத்துக்கு இனம் நிலைபெற்ற மாற்றங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 நல்லவை என்ற காரணத்தால் தேர்வு பரப்பியவை என்று 2002-ஆம் ஆண்டில் கணக்கிட்டனர்.

நல்ல மாற்றம் அயலாரைத் துடைத்த காட்சியைக் கண்முன் நிறுத்தும் சான்றும் வந்தது. மலேரியாக் கொசுவை ஒழிக்க வீட்டுச் சுவர்களில் தெளித்த டி.டி.டி. மருந்தை மூத்த நேயர்கள் மறந்திரார். அம்மருந்தும் அதுபோன்ற பிற மருந்துகளும் பழ ஈயின்மேலும் பட்டன. நஞ்சை முறிக்கும் மரபணு ஒன்றின் வாயிலில் இடம்பெயரும் டி.என்.ஏ. துண்டு ஒன்று தற்செயலாக வந்து செருகிக்கொண்ட ஈக்களில், அம்மரபணு மும்முரமாக வேலை செய்து நஞ்சைத் தாங்கிற்று. 2004-ஆம் ஆண்டில் டாட் ஷ்லெங்கியும் பெகனும் கலிபோர்னியாச் சிமுலன்ஸ் ஈக்களைச் சோதித்தபோது, இம்மரபணுவை நடுவாகக் கொண்டு ஏறக்குறைய ஒரு லட்சம் எழுத்துத் தொலைவுக்கு வேறுபாடு அநேகமாக அற்றுக் கிடந்தது. தோட்டத்திலும் வயலிலும் மனிதன் கைக்கொண்ட நஞ்சு, ஈயின் இழையில் அழியாத ஒரு வெற்றிடத்தை எழுதிவிட்டது.

2000-ஆம் ஆண்டில் பழ ஈயின் மரபு வாசகம் பெரும்பகுதி படித்து முடிக்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டில் வட கரோலினா நாட்டு ராலே நகரத்துச் சந்தையில் பிடித்த ஈக்களின் 168 குடிகளை டிரூடி மக்கே முதலியோர் முழுவதும் படித்து வெளியிட்டனர். லாங்லி முதலியோர் ராலே ஈக்களோடு, அவ்வினத்தின் தாயகமாகிய ஆப்பிரிக்காவில் மலாவியிலிருந்து வந்த ஈக்களையும் படித்தனர். இருபது பாகங்களில் கண்டதையே இப்போது இழை முழுவதும் கண்டனர். குரோமோசோமின் நடுக்கரங்களில் வேறுபாடு மேட்டுநிலம்போல் உயர்ந்து நிற்கிறது. முடிச்சை நோக்கியும் நுனியை நோக்கியும் பள்ளமாக இறங்குகிறது. அகுவாடேயின் நுனியும் கிரைட்மனின் நான்காம் குரோமோசோமும் அப்படத்தின் ஓரங்களில் தத்தம் இடத்தில் அமைந்திருக்கின்றன.

ஆயினும் லெவான்டின் 1974-ஆம் ஆண்டில் எழுப்பிய ஒரு புதிர் எஞ்சி நிற்கிறது. மக்கள்தொகை பெரிதாயின் வேறுபாடும் பெரிதாதல் வேண்டும் என்பது கணக்கு. மனிதரினும் பழ ஈக்கள் எண்ணவொண்ணாத அளவு மிகுதி. மனிதர் இருவரின் இழைகளை ஒப்பிட்டால் ஆயிரத்துக்கு ஓர் எழுத்து வேறுபடும். ஈக்களிலோ நூற்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியே வேறுபடுகிறது. பத்து மடங்குக்கு மேல் ஏறவில்லை. கூட்டம் பெருகப் பெருகத் தேர்வும் வலுத்து, அயலாரையும் சேர்த்துத் துடைத்துவிடுவதால்தான் இவ்வாறாயிற்று என்று 40 இனங்களை ஒப்பிட்டு 2015-ஆம் ஆண்டில் கார்பெட்-டெடிக் முதலியோர் வாதிட்டனர். அதன் பங்கு மெய். அது மட்டும் போதாது என்று மறு ஆண்டே கிரகாம் கூப் மறுத்தார். லெவான்டின் 2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தம் 92-ஆம் வயதில் மறைந்தபோதும் அக்கணக்கு நேர்பட்டிருக்கவில்லை.